எல்லாம் பேசியாச்சு

கிளைப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பாலாய் ராயா மண்டபத்தில் அறுபது நாற்காலி. அறுபது பொட்டலம் நாசி லெமாக். பெரிய வாளியில் ரோஸ் சிரப் தண்ணீர், அதில் ஐஸ் மிதக்கிறது. பத்தே முக்காலுக்குத் தலையை எண்ணினேன். பதினான்கு. அதிலும் இரண்டு பேர் நாற்காலி போட வந்த பையன்கள்.

வருகைப் பதிவேடு என் கைக்கு வந்தபோது ஏற்கெனவே நாற்பத்தேழு கையெழுத்து இருந்தது. எல்லாம் ஒரே நீலப் பேனா. இருபத்து மூன்றாம் எண்ணில் இருந்த பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. அந்த மனிதரின் கருமக்கிரியைக்கு வாழை இலை வாங்கிக்கொண்டு போனவன் நான்.

நாற்பத்தெட்டாவதாக என் பெயரை எழுதினேன்.

*

எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. பெக்கோக் சின்ன ஊர், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். அப்பா மஇகா, மலேசிய இந்திய காங்கிரஸ். நான் பிறகு எங்கே சேர்ந்தேன், எத்தனை தடவை மாறினேன் என்பதெல்லாம் வீட்டுக் கதை. அடுத்த கட்சிக்காரர்கள் இதைப் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் கிளையிலும் இதே வாளி, இதே சிரப் தண்ணீர்தான். இரண்டு பக்கமும் சாப்பிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

*

கூட்டம் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், தொகுதிக்குப் போகும் பேராளர்கள் எல்லாரும் போட்டியின்றித் தேர்வு. பெயர்கள் முன்பே தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால் அது மட்டும் விவாதத்துக்கு வந்தது.

"ஓட்டெடுப்பு நடத்தலாமே தம்பி" என்று கேட்டேன். தொகுதியிலிருந்து கண்காணிக்க வந்திருந்த பையனுக்கு என் மகள் வயது இருக்கும். மரியாதை தெரிந்தவன், எழுந்து நின்று பதில் சொன்னான். "எதுக்குங்க ஐயா? எல்லாம் பேசியாச்சு."

வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு சொல்லிலேயே மனம் நின்றது. பேசியாச்சு. யார் பேசினார்கள், யாரிடம் பேசினார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத வினை. சமைச்சாச்சு, குளிச்சாச்சு என்று நாம் சொல்லும்போது ஆள் யார் என்பது கேட்பவருக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. என்னிடம் யாரும் பேசவில்லை. வந்திருந்த மற்றவர்களிடம் விசாரித்தேன், அவர்களிடமும் பேசவில்லை.

*

முப்பது வருடம் செம்பனை ஆலையின் எடைமேடையில் கணக்கு எழுதியவன் நான். லோரி பழக் குலைகளோடு உள்ளே வரும்போது ஓர் எடை. கொட்டிவிட்டு வெறும் வண்டியாகப் போகும்போது இன்னோர் எடை. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்தான் பழம் எவ்வளவு என்று தெரியும். சில லோரிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு உள்ளே வருவார்கள், வெளியே போகும்முன் திறந்துவிடுவார்கள். கீழே குனிந்து பார்த்தால் சக்கரத்தடியில் ஈரம் தெரியும்.

கிளைகளின் உறுப்பினர் எண்ணிக்கையைத் தலைமையகம் அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரம்தான் ஞாபகம் வரும். எங்கள் கிளைப் பட்டியலில் இருநூறு பெயருக்கு மேல். வண்டி எடையைக் கழித்தால் பதினான்கு. சந்தா ஒவ்வொருவரும் கட்டுவதில்லை. யாரோ மொத்தமாகக் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்தான் பேராளரை அனுப்புகிறார். பேராளர் மேலே போய் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பது "மெனு"வில் இருக்கிறது. ஆம், மெனு என்றுதான் சொல்கிறார்கள்.

இது 2018-இல் பெரிய அளவில் அம்பலமானது. கெஅடிலான் கட்சித் தேர்தலுக்கு முன்னால், சரவாக்கின் ஜூலாவ் தொகுதியில் 603 உறுப்பினர்கள் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் 13,000 பேர் ஆனார்கள். பத்திரிகையில் படித்துவிட்டு, தொட்டி கொஞ்சம் பெரியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

*

பெக்கோக்கில் கட்சிக்காரனாக இருப்பதில் தனியான ஒரு விசித்திரம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு விளக்கினால்தான் புரியும்.

நாடாளுமன்றத்துக்கு நாங்கள் லாபிஸ் தொகுதி. சட்டமன்றத்துக்கு பெக்கோக். லாபிஸ் பல காலம் சீனர் கட்சியான மசீச தலைவர்களின் கொல்லைத் தோட்டம் மாதிரி இருந்தது. அந்தக் கட்சியின் தலைவராக இருந்த லிங் லியோங் சிக் பதினெட்டு ஆண்டுகள் இங்கே எம்பி. 2004-இல் சுவா சொய் லெக், பின்னாளில் அவரும் மசீச தலைவரானார். 2008-இல் அவர் மகன் சுவா தீ யோங். 2018-இல் எதிரணியிலிருந்து ஜசெக வந்தது, பாங் ஹோக் லியோங் எம்பி ஆனார். சட்டமன்றத் தொகுதியும் அப்படித்தான்: முன்பு மசீச, 2018-இல் ஜசெக, 2022 மார்ச்சில் மறுபடி மசீச. பக்கத்துத் தெனாங் அம்னோவுக்கு.

ஆக அப்பா ஆயுள் முழுக்க மஇகா கொடி பிடித்தார், ஆனால் பொதுத்தேர்தலில் ஒரு தடவைகூடத் தன் கட்சி ஆளுக்கு ஓட்டுப் போட்டதில்லை. மஇகா, மசீச, அம்னோ எல்லாம் ஒரே கூட்டணி; கூட்டணித் தர்மம். வாக்குச்சீட்டில் எல்லாருக்கும் பொதுவாகத் தராசு இருந்தது, அதில் கோடு போட்டுவிட்டு வருவார். "நம்ம ஆளு செகாமாட்ல நிக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்வார். பெருமையின் விலாசம் எப்போதும் அடுத்த ஊர்.

2018-இல் பெக்கோக் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு தமிழர் வந்தார், ஜசெகவின் டாக்டர் எஸ். ராமகிருஷ்ணன். மாநில ஆட்சிக்குழுவிலும் இடம் கிடைத்தது. 2020 தொடக்கத்தில் மாநில அரசே கவிழ்ந்து அதுவும் போயிற்று. அப்பா அதையெல்லாம் பார்க்க இல்லை. இருந்திருந்தால் அந்த மாற்றுக்கட்சித் தமிழருக்கு ஓட்டுப் போட்டிருப்பாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். போட்டிருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஊரில், தன் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கிற ஒரே வாய்ப்பு கட்சிக்குள் நடக்கும் தேர்தல்தான். அதற்குத்தான் போட்டியின்றி என்கிறார்கள்.

*

ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். மஇகா தேசியத் தலைவர் பதவி. 2009-இல் சாமிவேலுவை எதிர்த்து முத்துப்பழனியப்பன் மனுச் செய்தார். முன்மொழிவுகள் போதவில்லை என்று மனு தள்ளுபடியானது. சாமிவேலு போட்டியின்றி. 2013-இல் பழனிவேல், போட்டியின்றி. 2018-இல் விக்னேஸ்வரன், போட்டியின்றி. 2021-இல் அவரே. 2024-இல் அவரே.

மற்ற பக்கமும் பார்த்துவிட வேண்டும். கெஅடிலானில் 2022, 2025 இரண்டு தேர்தலிலும் தலைவர் அன்வார் போட்டியின்றி. மேலே இருப்பவர் போட்டியின்றி வந்துவிட்டால், கீழே பெக்கோக்கில் பதினான்கு பேர் முன்னால் ஒரு பையன் ஓட்டுப் பெட்டியைக் கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

*

1989 வேறு மாதிரி இருந்தது.

அந்த வருடம் மஇகா தலைவர் பதவிக்கு சாமிவேலுவை எதிர்த்து அவருடைய துணைத் தலைவர் சுப்பிரமணியம் நின்றார். (செகாமாட்டில் பின்னால் எம்பியாக இருந்த டாக்டர் சுப்பிரமணியம் வேறு. இந்தப் பெயர்க் குழப்பம் எங்கள் பக்கத்தில் இன்னும் தீரவில்லை.) தோட்டத்துக்குத் தோட்டம் சண்டை. லயத்தில் எதிர் எதிர் வீட்டில் இருந்தவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சாமிவேலு குளுவாங்கில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவர், ரயிலில் இங்கிருந்து பாலோ தாண்டினால் அவர் ஊர். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஊர்ப் பாசம். இன்னொரு பக்கத்துக்கு, ஒரே ஆள் எத்தனை வருடம் என்ற கேள்வி. அவர் 1979-இல் வந்தவர், இன்னும் இருபத்தொரு வருடம் இருக்கப் போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்.

அப்பாவின் கிளையிலும் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஓட்டுப் பெட்டி வேண்டும் என்றார்கள். அப்பா சீனர் மளிகைக் கடைக்குப் போய் ஒரு காலி பிஸ்கட் தகரம் வாங்கி வந்தார். சதுரத் தகரம், மூடியில் வட்டமான வாய். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி மூடியில் நீளமாகக் கீறல் போட்டார். கீறலின் விளிம்பு கூராக நிமிர்ந்து நின்றது, விரலைக் கிழித்துவிடும். அதை இடுக்கியால் மடக்கி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். பழுப்புக் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவினார். காய்வதற்காக அதை மழைக்காலத்தில் அடுப்பு மேல் கட்டிய பலகையில் இரண்டு நாள் வைத்திருந்தோம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், அங்கேதான் கருவாடு இருக்கும்.

தேர்தல் அன்று எல்லாரும் வந்திருந்தார்கள். இரவு வேலை முடித்து வந்தவர்கள், பால் வெட்டிவிட்டுக் கை கழுவாமல் வந்தவர்கள். அப்பா ஆதரித்தவர் ஏழு ஓட்டில் தோற்றார். அந்த இரவு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அப்பா புதிய தலைவர் வீட்டுக்குப் போய், கிளைக் கணக்குப் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு வந்தார். நான் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வயது பத்தொன்பது, சைக்கிளில் பின்னால் உட்காரும் வயதில்லை. முத்திரையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று அந்தச் சண்டை எனக்கு அசிங்கமாகப் பட்டது. தமிழன் ஒற்றுமையாக இருக்க மாட்டானா என்று பேசினேன். இப்போது ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம், பதினான்கு பேர்.

*

ஒரு தலைவருக்கே தன் கட்சி அந்நியமாகிப் போன கதை நம் கண்முன் நடந்ததுதான். 2013 கடைசியில் மலாக்காவில் மஇகா உதவித் தலைவர், மத்திய செயலவைத் தேர்தல்கள் நடந்தன. புகார்கள் போயின. 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா அந்தத் தேர்தல் செல்லாது, மறுபடி நடத்துங்கள் என்றது. தலைவர் பழனிவேல் ஒரு பக்கம், துணைத் தலைவர் டாக்டர் சுப்பிரமணியம் ஒரு பக்கம். பழனிவேல் தரப்பு நீதிமன்றம் போனது. கட்சி விவகாரத்தை வெளியே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் உறுப்பியம் தானாகவே போய்விடும் என்று கட்சிச் சட்டவிதியில் 91-ஆம் விதி இருக்கிறது. 2015-இல் வழக்கும் தள்ளுபடி ஆனது, அந்த விதிப்படி தலைவர் உறுப்பினராகவும் இல்லாமல் போனார்.

சாமிவேலு 31 ஆண்டு கட்டி ஆண்ட நாற்காலி. அதில் உட்கார்ந்தவரை ஒரு விதி எண் எழுப்பி அனுப்பியது.

என் அனுதாபம் எந்தப் பக்கமும் இல்லை. அந்த மாதங்களில் கிளைகளுக்கு இரண்டு தரப்பிலிருந்தும் கடிதம் வந்தது, எந்தக் கடிதம் உண்மையான கட்சி என்று தெரியாமல் முதியவர்கள் இரண்டையும் கோப்பில் துளை போட்டுச் சேர்த்து வைத்தார்கள். அதுதான் என் மனதில் நிற்கிறது.

*

அமெரிக்காவில் பிரைமரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. அங்கேயும் மனத்தாங்கல் குறைவில்லை. 2016-இல் பெர்னி சாண்டர்ஸ் ஆட்கள், பெரிய தலைகளுக்குத் தனி ஓட்டு எதற்கு என்று சண்டை போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெரிய தலைகள் முதல் சுற்றில் ஓட்டுப் போடக்கூடாது என்று கட்சி விதியை மாற்றியது. சண்டை போட்டவர்கள் தோற்றார்கள், ஆனால் விதி மாறியது.

இந்தியாவில் 2014-இல் ராகுல் காந்தி சில நாடாளுமன்றத் தொகுதிகளில் அந்த மாதிரி செய்து பார்த்தார். பிறகு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

இங்கே வேட்பாளர் என்பவர் தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். வாத்திகா என்கிற அந்தக் கடிதம் கிடைத்தவர் வேட்பாளர். மனுத்தாக்கலுக்கு முந்தின இரவு வரை யார் என்று தொகுதித் தலைவருக்கே தெரியாது. கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்குவார், பாயுங் தெர்ஜுன், பாராசூட்டில் குதித்த மாதிரி. கொடி கட்டும் பையன்கள் சுவரொட்டி வந்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள்.

*

2025 மே மாதம் ஜொகூர் பாருவில் கெஅடிலான் மாநாடு. துணைத் தலைவர் பதவிக்கு ரஃபிசி ரம்லியும் நூருல் இஸாவும். நூருலுக்கு 9,803, ரஃபிசிக்கு 3,866. ரஃபிசி அமைச்சர் பதவியை விட்டார். முந்தைய தேர்தல்களில் எல்லா உறுப்பினர்களும் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள், இம்முறை மேல்மட்டப் பதவிகளுக்குப் பேராளர்கள் மட்டும். அந்த ஒரு மாற்றத்தைப் பற்றி யாராவது பெக்கோக்கில் ஓர் உறுப்பினரைக் கேட்டிருப்பார்களா தெரியவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் ஜசெக மத்திய செயலவைத் தேர்தலில், கட்சியின் பெரிய பெயரான லிம் குவான் எங் முப்பது இடத்தில் இருபத்தாறாவதாக வந்தார். இதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவர் மேல் கோபமில்லை. பேராளர்கள் கையில் உண்மையிலேயே ஏதோ இருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். (அங்கும் மெனு சுற்றியது என்பார்கள். சுற்றட்டும். எண்ணியாவது பார்த்தார்களே.)

*

மனம் விட்டுப் போனவர்கள் என்ன செய்தார்கள்?

பண்டிதன் மஇகா உதவித் தலைவராக இருந்தவர். 1988-இல் சவப்பெட்டியோடு கட்சித் தலைமையகத்துக்குப் போனார். நீக்கினார்கள். 1990-இல் ஐபிஎஃப் கட்சி தொடங்கினார். பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த இராமசாமிக்கு 2023 மாநிலத் தேர்தலில் ஜசெக இடம் தரவில்லை. வெளியேறி உரிமை கட்சி தொடங்கினார். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போனவர்களில் எத்தனை பேர் பையில் மஇகா அட்டை இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. அடுத்த மார்ச்சில் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவே தோற்றார்.

பெரிய மனிதர்களுக்கு இன்னொரு கட்சி தொடங்கும் வழி இருக்கிறது. சாதாரண உறுப்பினர் வெறுமனே வருவதை நிறுத்துகிறார். அறிக்கை இல்லை, சவப்பெட்டி இல்லை. நாற்காலி காலியாக இருக்கும், பதிவேட்டில் கையெழுத்து இருக்கும்.

2022 ஜொகூர் தேர்தலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதல் தடவையாக ஓட்டுப் போடலாம் என்றிருந்தும், வந்தவர்கள் சுமார் 55 விழுக்காடுதான். என் மகள் சிங்கப்பூரில் வேலை, வரவில்லை. "யாருன்னே தெரியாத ஆளுக்கு லீவு போட்டு வரணுமாப்பா?" என்றாள். கோபம் வந்தது. பதில் வரவில்லை.

*

நேற்று ஸ்டேஷன் பக்கம் கோப்பிக் கடையில் அந்தத் தொகுதிப் பையனைப் பார்த்தேன். பந்தாங் நீர்வீழ்ச்சிக்குப் போகும் கூட்டம் கடையை அடைத்திருந்தது, ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. மின்ரயில் ஜொகூர் பாரு வரைக்கும் ஓடத் தொடங்கியதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"ஐயா அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டீங்க போல."

"கோவம் இல்ல தம்பி. போட்டி வெச்சா என்ன ஆயிடும்?"

"பிரிஞ்சிடும் ஐயா. இருக்கிறதே கொஞ்சம் பேரு."

"இருக்கிறது ஏன் கொஞ்சம் பேரு?"

கோப்பி ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். கெட்ட பையன் இல்லை. மேலிருந்து வருவதைக் கீழே கொடுக்கிறான், அவனையும் யாரும் கேட்பதில்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள், யார் நிற்பார் என்று கேட்டேன். "தெரியலைங்கய்யா, மேல முடிவு பண்ணுவாங்க" என்றான். என் கோப்பிக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

*

அப்பாவின் பிஸ்கட் தகரம் என் வீட்டில்தான் இருக்கிறது. பழுப்புக் காகிதம் உரிந்துவிட்டது, பிளாஸ்திரி கறுத்துவிட்டது. இத்தனை வருடம் அதில் ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை எல்லாவற்றையும் ஒரு பால் டின்னில் கொட்டிவிட்டு, தகரத்தைத் துடைத்து, துருவுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

பெக்கோக், சாஆ, லாபிஸ் பக்கம் எந்தக் கட்சியின் எந்தக் கிளையாக இருந்தாலும் சரி. தேர்தல் வைப்பதாக இருந்தால் வந்து கேளுங்கள், தருகிறேன். எண்ணி முடித்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும்.